மேடம் பேசாத தமிழ்

நீங்கள் தேர்தல் வேலைக்குச் சேரும் முதல் நாள் உங்களுக்கு ஒரு பெரிய திரையைக் காட்டுவார்கள். அதில் தொகுதியின் வரைபடம் இருக்கும். வாக்குச்சாவடி வாரியாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு. யாராவது ஒருவர் பச்சைப் பகுதியைத் தொட்டு, "இது நம்மது" என்பார். நீங்கள் தலையசைப்பீர்கள். நானும் அசைத்தேன். அந்த நிறங்களை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று கேட்கவில்லை. பத்திரிகையில் இருந்த காலத்தில், குழாய் பதித்துவிட்டோம் என்று ஒரு மாநகராட்சி அதிகாரி சொன்னால் எந்தத் தெருவில் என்று கேட்காமல் விட்டதில்லை. திரைக்கு முன்னால் அந்தப் பழக்கம் மறந்துபோயிற்று. திரை அவ்வளவு பெரியது.

நான் பெங்களூரில் ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் உதவி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து மற்றப் பத்திரிகைகளின் பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு மனைவிக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கட்சியின் டிஜிட்டல் பிரிவில் தமிழ் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்று அழைப்பு வந்தபோது, என்னைவிட மனைவிதான் அதிகம் மகிழ்ந்தார்.

சட்டமன்றத் தேர்தல். எங்களுக்குக் கிடைத்த தொகுதியில் ஜோகுபாளையம், மர்பி டவுன் என்று தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதிகள் இருந்தன. அலுவலகம் பழைய மதராஸ் சாலையில் ஒரு சோபாக் கடைக்கு மேல்மாடியில். அதற்கு 'வார் ரூம்' என்று பெயர். நான் இருந்தவரை அங்கே நடந்த ஒரே போர், ஏசியை எவ்வளவில் வைப்பது என்பதுதான். தகவல் பிரிவுக்குப் பொறுப்பாளர் கார்த்திக். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், தாத்தா காலத்தில் அரசு வேலைக்காக வந்து தங்கிய குடும்பம். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அந்த இடத்தை நிரப்பத்தான் நான்.

எங்கள் வேட்பாளர் துமகூரு பக்கத்துக் கன்னடப் பெண்மணி. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'மேடம்'. தமிழ் ஓரளவு கேட்டால் புரியும், பேச வராது. இந்தக் குறையை இயந்திரம் தீர்த்துவிடும் என்றார் கார்த்திக். மேடத்தின் குரலை அவருடைய பழைய கன்னடப் பேச்சுகளிலிருந்து எடுத்து ஒரு மென்பொருளுக்குப் பழக்கிவிட்டால், நாம் எழுதித் தரும் எதையும் அதே குரல் தமிழில் பேசும். ஒவ்வொரு வாக்காளருக்கும் போன் போகும், பெயர் சொல்லி அழைக்கும்.

எழுதுவது என் பொறுப்பு. முதல் வரைவை, 'பேரன்பிற்குரிய வாக்காளப் பெருமக்களே' என்று தொடங்கினேன். இயந்திரம் அதை மேடத்தின் குரலில் பேசிக் காட்டியது. கார்த்திக் நடுவிலேயே அதை நிறுத்தினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. யாரோ செத்துட்டாங்கன்னு அறிவிக்கற மாதிரி இருக்கு."

"அது மரியாதையான தமிழ், கார்த்திக்."

"அதான் சார் பயமா இருக்கு."

பிறகு இறங்கி வந்தேன். 'முருகேசன் அண்ணா, நல்லா இருக்கீங்களா? நான்தான் பேசறேன்' என்று தொடங்கும் வரைவு பிடித்துப்போனது. 'இது கணினியில் உருவாக்கப்பட்ட குரல்' என்றொரு வரியும் விதிப்படி சேர்க்க வேண்டியிருந்தது. அதைக் கடைசியில் வைத்தேன். பத்திரிகைகளில் திருத்தம் எங்கே போடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். போனை யாரும் கடைசி வரை கேட்பதில்லை என்பது எனக்கும் தெரியும்.

ஒரு கேள்வியை நாங்கள் யாரும் கேட்கவில்லை. மர்பி டவுன்காரர்களிடம் தமிழில்தான் பேச வேண்டுமா? அவர்கள் பேசும் கன்னடத்துக்கு முன்னால் என் கன்னடம் நிற்காது. இத்தனை வருடம் கழித்தும் நான் காய்கறிக் கடையில் கன்னடத்தில் விலை கேட்டால் தமிழில்தான் பதில் வருகிறது. அந்த மக்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத் தமிழ்க் குரல் தேவையே இல்லை. ஆனாலும் அந்தக் குரல் வேலை செய்தது. எப்படி என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மேடம் தங்களுக்காக மெனக்கெட்டுத் தமிழ் கற்றுக்கொண்டார் என்று நினைத்திருக்கிறார்கள். திரையில் மர்பி டவுன் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறியது. கார்த்திக் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

மர்பி டவுனில் எங்கள் வாக்குச்சாவடிப் பொறுப்பாளர் புஷ்பா. நாற்பதைத் தாண்டியவர். ஓர் ஐ.டி. வளாகத்தில் துப்புரவுப் பணியாளர்களுக்கு மேற்பார்வையாளர், தேர்தலுக்காகச் சம்பளமில்லாத விடுப்பு எடுத்திருந்தார். தெருவின் மகளிர் குழுவையும் அவர்தான் நடத்தினார். யாரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதானாலும், யார் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்பதானாலும், முதலில் புஷ்பாவின் கதவைத்தான் தட்டுவார்கள். 'புஷ்பா சொல்லிச்சு' என்றால் அந்தத் தெருவில் அதற்கு மேல் விசாரணை இல்லை. அவரிடம் இருந்த சொத்து அதுதான்.

போன் வந்ததும் பெண்கள் புஷ்பாவைத்தான் கேட்டிருக்கிறார்கள், மேடம் எப்போது தமிழ் கற்றார் என்று. வீடு வீடாகப் போகும்போது மேடத்துக்குப் புஷ்பா இரண்டு மூன்று வார்த்தைகள் சொல்லிக் கொடுத்தது உண்மை. தெருவில் அது வளர்ந்தது. "நான்தான் சொல்லிக் குடுத்தேன், தினம் சாய்ங்காலம் போய் சொல்லிக் குடுத்தேன்" என்று புஷ்பா சொல்லிவிட்டார்.

இது என் காதுக்கு வந்தபோது நான் செய்திருக்க வேண்டியது என்ன என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தமிழை எழுதியவனே நான். புஷ்பாவை அழைத்து ஒரு கேள்வி கேட்டேன்.

"நிஜமாவே சொல்லிக் குடுத்தீங்களா?"

"பின்னே பொய்யா சொல்றேன், சார்? வணக்கம் யார் சொல்லிக் குடுத்தது?"

அதோடு என் விசாரணை முடிந்தது. இருவரும் உட்கார்ந்து டீ குடிக்கும் படத்தை எடுத்து, 'மேடத்தின் தமிழ் டீச்சர்' என்று தலைப்பிட்டு எல்லா குரூப்புகளிலும் போட்டேன். தலைப்பு அளவாக வந்திருக்கிறது என்று எனக்கே பெருமை.

வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே இருந்தபோது, மதியச் சாப்பாட்டு வேளையில் புஷ்பாவிடமிருந்து போன் வந்தது.

"சார், குரூப் பாத்தீங்களா?"

"இல்லையே, என்ன?"

"மேடம் பேசினது வந்திருக்குது. கேளுங்க. கேட்டுட்டு போன் பண்ணுங்க. வாசல்ல ஆளுங்க நிக்கறாங்க."

கேட்டேன். மேடத்தின் குரல். யாரோ நெருங்கியவரிடம் போனில் பேசுவதுபோலச் சரளமான தமிழ். மர்பி டவுன் ஆட்களைப் பற்றிக் கவலைப்படாதே, ஆளுக்கு ஒரு புடவையும் ஒரு பொட்டலமும் கொடுத்தால் நம் பின்னால் வந்துவிடுவார்கள், அவர்களுக்கு வேறென்ன தெரியும் என்கிற பேச்சு. நடுவில் ஒரு சிரிப்பு. இந்தப் போலியை யார் செய்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. நாங்கள் அனுப்பிய போன்களிலிருந்தே குரலை எடுத்திருக்கலாம் என்றார் கார்த்திக். அப்படியானால் மூலப்பொருள் எங்களுடையது.

கார்த்திக் பதற்றப்படவில்லை. மறுப்பு மிக எளிது என்றார். 'இது போலி. மேடத்துக்குத் தமிழ் பேசவே' என்று தட்டச்சு செய்தார். அங்கே அவருடைய விரல்கள் நின்றன. என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். இத்தனை வாரமாக வீடு வீடாகப் போன் போட்டு, மேடம் நன்றாகத் தமிழ் பேசுவார் என்று நிரூபித்து வைத்திருந்தோம். எங்களிடம் இருந்த ஒரே உண்மையை நாங்களே செலவழித்துவிட்டோம்.

"சார், ஒண்ணு பண்ணலாம்" என்றார் கார்த்திக். "மேடம் குரல்லயே தமிழ்ல ஒரு மறுப்பு அனுப்பலாம்."

போலியை மறுக்க இன்னொரு போலி. நான் உடனே எதிர்த்திருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. உட்கார்ந்து எழுதினேன். நன்றாகவும் எழுதினேன். 'என் வாய் அப்படிப் பேசுமா?' என்று ஒரு வரி வைத்தேன். இயந்திரம் அதைத் தொண்டை அடைக்கப் பேசியது. எனக்கே கண் கலங்கியது என்று சொன்னால் நம்புவீர்களோ இல்லையோ.

அதை அனுப்புவதற்குள் தலைமை வியூகப் பொறுப்பாளர் போனில் வந்தார். அவர் வேறொரு தொகுதியில் இருந்தார். மறுப்பைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார். மாட்டிக்கொண்டால் ஆபத்து என்பது அவர் கணக்கு.

"நம்ம கால்ல கணினிக் குரல்னு சொல்லியிருக்கோம் இல்ல? அப்போ நம்ம மேல தப்பு இல்ல. அந்த லோக்கல் லேடி, நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு கதை விட்டிருக்காங்க. எழுத்துல ஒரு அறிக்கை விடுங்க, அதை எடுத்து மேல வைங்க. 'டீச்சர்' போஸ்ட்டை டிலீட் பண்ணிடுங்க."

நான் எழுதியது இது: 'எங்கள் அழைப்புகள் ஒவ்வொன்றிலும் கணினிக் குரல் என்ற அறிவிப்பு இடம்பெற்றிருந்தது. உள்ளூர்த் தன்னார்வலர் ஒருவர் அளித்த தவறான தகவலால் மக்களிடையே குழப்பம் ஏற்பட்டுள்ளது. தற்போது பரவும் ஒலிப்பதிவு போலியானது.' மூன்று வாக்கியங்கள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பத்திரிகையில் யாராவது இதைக் கொண்டுவந்திருந்தால் ஒற்றுப்பிழை மட்டும் பார்த்து அச்சுக்கு அனுப்பியிருப்பேன். புஷ்பாவின் பெயரும் அதில் இல்லை. மர்பி டவுனில் அது யார் என்று தெரியாதவர் ஒருவரும் இருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

இதை நான் அனுப்பவில்லை. காரணம் உயர்ந்த குணம் ஏதும் இல்லை, பழக்கதோஷம். ஒருவர்மேல் குற்றம் சொல்லும் செய்தியை அச்சேற்றுமுன் அவரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்று என்னை வேலைக்குப் பழக்கிய செய்தி ஆசிரியர் அடித்துச் சொல்லியிருந்தார். பெரும்பாலும் அவர்கள் எடுக்க மாட்டார்கள், 'தொடர்புகொள்ள முடியவில்லை' என்று எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அந்த நம்பிக்கையில்தான் புஷ்பாவைக் கூப்பிட்டேன். எடுத்துவிட்டார்.

படித்துக் காட்டினேன். பின்னால் யாரோ சத்தமாக வாதாடுவது கேட்டது.

"கேக்கலையா, புஷ்பா?"

"இல்ல சார். கேட்டுனுதான் இருக்கேன்." கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "போடுங்க சார். நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்லல. நான் ஜாஸ்திதான் சொல்லிட்டேன். எலக்‌ஷன் முடிஞ்சா நீங்க ஆபீஸ் காலி பண்ணினு போயிடுவீங்க. நான் எங்க சார் போறது? நாளைக்கு ஒரு பொம்பள பிரசவ வலின்னு வருவா. நான் இந்த ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னா, நம்புவாளா?"

அவருடைய கருத்தைக் கேட்டாயிற்று. கேட்டால் செய்தியிலேயே போட்டாக வேண்டும், அதுதான் எங்கள் தொழில் விதி. போட்டுப் பார்த்தேன். நாலாவது வாக்கியமாக அது வந்து உட்கார்ந்ததும் முதல் மூன்றும் நிற்கவில்லை. கார்த்திக்கிடம், அனுப்பாதே, மேடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"சார், ஹெட் ஆபீஸ் கேட்டா?"

"எழுத்துப் பிழை பாத்துட்டு இருக்கேன்னு சொல்லு." நம்பக்கூடிய பொய்யாக இருக்க வேண்டும் அல்லவா.

மேடம் ஜோகுபாளையத்தில் ஒரு கட்சிக்காரர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தை என் கன்னடத்தில் சொன்னேன். பாதியில் அவரே தமிழில் சொல்லச் சொன்னார், புரியும் என்றார். புஷ்பா சொன்னதை அப்படியே சொன்னேன். பிறகு போலிப் பேச்சைக் கேட்டார். எங்கள் அழைப்பையும் கேட்டார். அதுவரை அவர் அதை முழுதாகக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்கியிருந்தோம், அவ்வளவுதான்.

"இரண்டிலும் என்னைவிட நன்றாகப் பேசுகிறேன்" என்றார் கன்னடத்தில். சிரிக்கவில்லை. தட்டிலேயே கையைக் கழுவி, "ஹோகோணா", மர்பி டவுனுக்குப் போகலாம் என்று எழுந்தார். மறுப்பறிக்கை இருக்கிறது, படித்துப் பாருங்கள் என்றேன். அங்கே போய்ப் பேசிக்கொள்கிறேன் என்றார். போகும் வழியில் வண்டியில் நான் அவருக்கு ஆலோசனைகள் சொன்னேன். குரல் தொழில்நுட்பத்தை மக்களுக்கு எப்படி எளிமையாக விளக்குவது என்பது பற்றி. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மர்பி டவுனில் புஷ்பா வீட்டு வாசலிலேயே கூட்டம் இருந்தது. பெரிய கூட்டம் இல்லை, ஆனால் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மேடம் வண்டியிலிருந்து இறங்கினார். யாரும் வணக்கம் சொல்லவில்லை. புஷ்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், வெளியே வரவில்லை.

மேடம் கன்னடத்தில் பேசினார். சுருக்கமாகப் பேசினார். எனக்குத் தமிழ் பேச வராது. உங்களைத் திட்டிய குரல் இயந்திரத்தினுடையது, யார் செய்தார்கள் என்று தெரியாது. உங்களுக்கு வந்த போன்களும் இயந்திரம்தான், அதைச் செய்தது நாங்கள். நான் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

முன்னால் நின்ற ஒரு பெரியவர், ஏதோ தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர்போல இஸ்திரி போட்ட சட்டை, நல்ல கன்னடத்தில் மேடத்துக்குப் பதில் சொன்னார். பிறகு எல்லோருக்கும் கேட்கட்டும் என்று தமிழிலும் சொன்னார்.

"எங்களுக்கு வணக்கம் சொன்னதும் நீ இல்லம்மா, எங்களைத் திட்டினதும் நீ இல்ல. சரி. அப்ப இத்தினி நாளா எங்க கிட்ட பேசினு இருந்தது யாரு?"

மேடம் திரும்பி என்னைக் காட்டினார். "இவர்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பத்திரிகையில் இத்தனை வருடம் எழுதியும் இத்தனை வாசகர்களை ஒரே இடத்தில் நான் சந்தித்ததில்லை.

"இந்த ஆளா?" என்றார் ஒரு பெண். "போன்ல கொரலு எவ்ளோ நல்லா இருந்துச்சி."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உதவவில்லை, மேடத்துக்கு உதவியது. ஆனால் அது அடங்கியதும் அதே பெண் கதவுப் பக்கம் திரும்பினார்.

"ஏன் புஷ்பா, தினம் சாய்ங்காலம் போய் சொல்லிக் குடுத்தேன்னியே. மிஷினுக்கா சொல்லிக் குடுத்தே?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நான் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான். புஷ்பா கதவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அறிக்கையை எழுதிய நான் அங்கே நின்றிருந்தேன். என் சட்டைப் பையில் மூன்று சரியான வாக்கியங்கள் இருந்தன.

மேடம்தான் பேசினார், தமிழில் என்று அவர் நினைத்துக்கொண்ட ஒன்றில். "புஷ்பா சொல்லிக் கொடுத்தாங்கோ. தினா சொல்லிக் கொடுத்தாங்கோ. நான்தா சரியா கலியலில்ல. தப்பு நந்து." சரியாகக் கற்காதது நான், தப்பு என்னுடையது என்கிறார்.

அது பொய். அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் அது பொய் என்று தெரியும் என்பது அவர்கள் முகங்களிலேயே இருந்தது. தன் வாயால், தனக்கு வராத மொழியில், தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு ஒருவர் சொன்ன பொய். பெரியவர் தரையைப் பார்த்தார். கேள்வி கேட்ட பெண் புஷ்பாவைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். மறுபடி கேட்கவில்லை.

புஷ்பா கதவை விட்டுவிட்டு வெளியே வந்தார்.

"எத்தினி தபா சொன்னேன் மேடம், கொடுத்தாங்கோ இல்ல, குடுத்தாங்க. எங்க, சொல்லுங்க."

"குடுத்தாங்கோ."

"கோ வேணாம். விட்டுடுங்க அந்தக் கோ-வை."

"குடுத்தாங்."

"இன்னும் நாலு வருசம் ஆவும்" என்றார் பெரியவர். யாரோ உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்தார்கள். ஒன்றுதான் வந்தது. எனக்கு வரவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் தமிழ் அழைப்புகளை நிறுத்தச் சொன்னேன். நிறுத்துவதற்குக் காரணம் என்ன என்று மென்பொருள் ஒரு பெட்டியில் கேட்டது. என்ன போடட்டும் என்றார் கார்த்திக். நான் மர்பி டவுனில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். பெட்டியில் இத்தனைக்கு இடமில்லை சார் என்றவர், 'தொழில்நுட்பக் காரணம்' என்று போட்டார். தலைமை அலுவலகத்துக்கு அது திருப்தியாக இருந்தது.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும், என் காலத்துக் குரலைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். ஓர் ஆளைப் பற்றி அறிக்கை விடுவதாக இருந்தால் மட்டும், அனுப்புமுன் அவரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் போனை எடுத்துவிடக்கூடும் என்ற ஆபத்தோடுதான் காட்ட வேண்டும்.

தேர்தல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மேடம் தோற்றார், அதிக வித்தியாசம் இல்லை. வாக்குச்சாவடி வாரியான எண்ணிக்கை வந்ததும் மர்பி டவுனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று மதியம் நடந்தது எங்களுக்குக் கூட்டியதா குறைத்ததா என்று அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. 'மக்கள் தெளிவான தீர்ப்பு வழங்கினர்' என்று வாழ்நாளில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று யோசித்துக்கொண்டு அந்தத் தாளை மடித்து வைத்தேன்.

சோபாக் கடைக்காரர் மேல்மாடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கார்த்திக் வேறு மாநிலத்தில் வேறு தேர்தலுக்குப் போய்விட்டார். புஷ்பாவைச் சமீபத்தில் அல்சூர் சந்தையில் பார்த்தேன். கூட ஒரு பெண், நிறைமாதம். அவளை எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது என்று போனில் யாருக்கோ கட்டளையிட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு என்னிடம் நலம் விசாரித்தார். இப்போது அவர் வேறு கட்சி. தெரு அதேதான்.